நுனிக்கு 36, வேருக்கு 1

அக்கா மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. பல வருஷமாக 40 நாளைக்கு ஒரு முறை கருப்பு டை அடித்துக்கொண்டிருந்தவள், இந்த முறை டார்க் பிரவுன் வாங்கினேன். ஐம்பதை நெருங்கும் முகத்துக்கு மைக்கருப்பு ஒட்டவில்லை என்று என் மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பழைய நைட்டி, கையுறை, பிளாஸ்டிக் கிண்ணம், பிரஷ், அட்டையில் போட்டபடி 30 நிமிடம். எல்லாம் முறைப்படிதான். அலசிக் காயவைத்து, மாடி வெயிலில் நின்று கண்ணாடியைப் பார்த்தால் தலையில் மூன்று நிறம். வகிட்டை ஒட்டி விரல் அகலத்துக்குச் செம்பட்டை. அதற்குக் கீழே முதுகு வரை பழைய கருப்பு, முன்னைவிட அழுத்தமாக. காதோரத்தில் மட்டும் ஒன்றும் ஏறாமல் வெள்ளை, இடையிடையே தேங்காய் நார் நிறத்தில் சில இழைகள்.

அக்கா பார்த்தாள். "என்னடி இது, வீட்டுக்கு ஓடு மாத்தின மாதிரி இருக்கு? மேல புது ஓடு, கீழ பழைய ஓடு."

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு இந்த வேதியியலைத் தேடிப் படித்தபோது, அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லிக் காரணத்தையே தொட்டுவிட்டாள் என்று புரிந்தது.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. என் முடி 50 செ.மீ. நீளம். அப்படியானால் நுனியில் தொங்குவது நான்கு வருஷத்துக்கு முன் தோலை விட்டு வெளியே வந்த முடி. வேரில் இருப்பது போன மாதம் வந்தது. தோலுக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. அது வெறும் கெரட்டின் புரதம். கையில் கீறல் விழுந்தால் ஆறிவிடும், முடியில் விழுந்தால் ஆறாது. நான்கு வருஷத்து வெயில், சீப்பு, ஷாம்பு, போர் தண்ணீர் எல்லாம் அதன்மேல் பதிந்தபடியே கிடக்கும். அதோடு டையும். 40 நாளைக்கு ஒரு முறை என்றால் வருஷத்துக்கு 9, நான்கு வருஷத்துக்கு 36. வேருக்குத் தடவி முடித்ததும் கிண்ணத்தில் மிஞ்சியதை வீணாக்க மனம் வராமல் நுனி வரை இழுத்துவிடுவது என் வழக்கம். ஆக, என் முடியின் நுனி 36 முறை சாயம் குடித்திருக்கிறது. வேர் ஒரே ஒரு முறை. 36 முறை முக்கிய நூலையும் ஒரு முறை முக்கிய நூலையும் எந்த நெசவாளரும் ஒரே பாவில் ஓட்டமாட்டார். நான் அதைத்தான் தலையில் செய்துவைத்திருந்தேன்.

ஒரு முடியின் குறுக்களவு பெரும்பாலும் 0.1 மி.மீ.க்கும் குறைவு. அதற்குள்ளும் அடுக்குகள் உண்டு. வெளியே கியூட்டிக்கிள் என்ற செதில் போர்வை. நாட்டு ஓட்டுக் கூரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்குமே, அதே வரிசைதான். ஓட்டின் திறந்த விளிம்பு நுனியைப் பார்த்திருக்கும். வேரிலிருந்து நுனிக்கு விரலை இழுத்தால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் சொரசொரக்கும். இப்போதே ஒரு முடியை எடுத்து இழுத்துப் பார்க்கலாம். இந்த ஓடுகளின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று வேதிப் பிணைப்பாகவே ஒட்டியிருக்கிறது. தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். ஓடுகளுக்கு அடியில் கார்டெக்ஸ் என்ற தடித்த பகுதி. முடிக்கு நிறம் கொடுக்கும் மெலனின் துகள்கள் அங்கேதான் புதைந்திருக்கின்றன. நரைத்த முடியில் அந்தத் துகள்கள் மட்டும் இல்லை. நரைக்கென்று தனியாக ஒரு நிறமியும் கிடையாது. வெள்ளையும் கருப்பும் கலந்து நிற்பதைத்தான் தூரத்திலிருந்து நம் கண் சாம்பலாகப் படிக்கிறது.

டையின் வேலை இந்தக் கார்டெக்ஸுக்குள் போய் உட்காருவது. அதில் ஒரு சிக்கல். உள்ளேயே தங்கும் அளவுக்குப் பெரிய நிற மூலக்கூறு ஓட்டு இடுக்கு வழியாக நுழையாது. நுழையும் அளவுக்குச் சின்னது என்றால் அலசும்போது வந்த வழியே போய்விடும். இதற்குக் கண்டுபிடித்த தந்திரம் அழகானது. சுரைப்பிஞ்சைக் குடுவைக்குள் விட்டு வளர்த்தால் காய் முற்றிய பிறகு வெளியே எடுக்க முடியுமா? அதுபோல, நிறமற்ற சின்ன மூலக்கூறுகளை உள்ளே அனுப்பி, உள்ளேயே வளரவிடுகிறார்கள். டியூபில் இருக்கும் க்ரீமில் பாரா ஃபீனைலீன் டைஅமைன் அல்லது அதன் உறவுக்காரப் பொருளும், அதனோடு சேர்ந்து நிறத்தைத் தீர்மானிக்கும் ரெசார்சினால் போன்ற துணைப்பொருளும் இருக்கும். அமோனியா முடியை உப்பவைத்து ஓட்டைத் தூக்கிக் கொடுக்கும். பாட்டிலில் இருக்கும் டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது உள்ளே வந்து சின்னவற்றை ஆக்சிஜனேற்றம் செய்ய, அவை ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய நிற மூலக்கூறாகி மாட்டிக்கொள்கின்றன.

கிண்ணத்திலேயே இதைப் பார்க்கலாம். கலந்தவுடன் பசை தயிர் வெள்ளை. சில நிமிடத்தில் ஓரத்தில் மெல்ல நிறம் படரும், சில டைகளில் அது இளம் ஊதா, பிறகு பழுப்பு, பிறகு கிண்ணமே கறை. அந்த ஊதாவுக்கு ஒரு குடும்பக் கதை உண்டு. 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் ஹென்றி பெர்க்கின் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், குடுவையில் கறையைத்தான் கண்டார். அது பட்டுத்துணியில் ஊதாவாக ஏறியது. செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்துதான் கிளம்பியது. அவருடைய ஆசிரியர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் 1863இல் விவரித்த பொருள்தான் பாரா ஃபீனைலீன் டைஅமைன். 1907இல் பாரிஸில் யூஜின் ஷூல்லர் என்ற இளம் வேதியியலாளர் தலைமுடிச் சாயம் ஒன்றைத் தயாரித்து சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய லோரியால். நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை வேதியியல் பெரிதாக மாறவில்லை. 'அமோனியா இல்லாதது' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால், பெரும்பாலும் அமோனியாவின் இடத்தில் எத்தனாலமைன் என்ற இன்னொரு காரம் இருக்கும். மூக்கில் ஏறாது, ஓட்டைத் தூக்கும் வேலையை அதுவும் செய்யும்.

இனி என் மூன்று நிறங்களுக்கு வருகிறேன்.

முதலில் வகிட்டோரச் செம்பட்டை. பெராக்சைடுக்கு இரண்டு வேலை. சாயத்தை வளர்ப்பது ஒன்று, முடியில் ஏற்கெனவே இருக்கும் மெலனினை வெளுப்பது இன்னொன்று. டெவலப்பர் பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜன் தரும் என்று அர்த்தம், அதாவது சுமார் 6 சதவீதப் பெராக்சைடு. நம் ஊர்க் கருமுடியை ஓரிரு படி வெளுக்க அது போதும். கருப்பு மெலனின் வெளுக்கும்போது நேராக வெள்ளைக்குப் போகாது. செம்பழுப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். நான் போட்டது பழுப்புச் சாயம், அடியிலிருந்து எட்டிப்பார்த்தது செம்பழுப்பு, அதோடு புதிதாக முளைத்த நரையில் மறைக்க மெலனினே இல்லாததால் பழுப்பு பளிச்சென்று ஏறியது. மூன்றும் சேர்ந்து செம்பட்டை. போதாததற்குத் தலைச்சூடு வேறு. வேதிவினைக்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு: 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். தோலை ஒட்டிய முதல் ஒரு செ.மீ.க்கு உடம்புச் சூடு கிடைக்கிறது, அதற்கு அப்பால் இருப்பதற்கு அறையின் சூடுதான். சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏசி அறையில் உட்கார்ந்து அடித்தால் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, நடுவிலிருந்து நுனி வரை இறங்காத கருப்பு. பார்லர் வைத்திருக்கும் பெண் இதை ஒரே வரியில் சொன்னாள். "கலர் கலரைத் தூக்காதுக்கா. இன்னும் நாலு பாக்கெட் பிரவுன் போட்டாலும் இந்தக் கருப்பு கருப்பாத்தான் நிக்கும்." பெராக்சைடு மெலனினை வெளுக்கும். ஏற்கெனவே உள்ளே வளர்ந்து மாட்டிக்கொண்ட செயற்கைச் சாயத்தை இந்த அளவுப் பெராக்சைடு அசைக்காது. மேலே போட்ட பழுப்பு பழைய கருப்போடு சேர்ந்து இன்னும் கருமையாகத்தான் ஆகும். நுனி வேறு அநியாயத்துக்குக் குடிக்கும். முன்பு சொன்ன கொழுப்புப் படலம் காரத்தில் கழன்றுவிடும். முதல் டையிலேயே அதில் பெரும்பகுதி போயிருக்கும். எண்ணெய் வைக்காத உலர்ந்த முடியில், இன்னும் டை படாமல் புதிதாக வளர்ந்த வேர்ப்பக்கம் ஒரு சொட்டும் நுனிப்பக்கம் ஒரு சொட்டும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வேரில் சேம்பிலையில் விட்டதுபோல உருண்டு நின்றது. நுனியில் விட்டது உடனே உள்ளே போய்விட்டது. சீக்கிரம் குடிப்பது சீக்கிரம் கக்கவும் செய்யும். ஒரே சீரான நிறம் ஒரு மாதத்தில் நுனியில் மட்டும் வெளிறுவது அதனால்தான்.

மூன்றாவது, காதோர வெள்ளை. கிருதாப் பக்கத்து நரைமுடி பிடிவாதமானது. ஓடுகள் இறுகிப் படிந்திருக்கும், சாயம் உள்ளே போக நேரமாகும். நானோ எப்போதும்போல உச்சியில் ஆரம்பித்துக் காதோரத்தைக் கடைசியில் தொட்டேன். அதற்குள் கிண்ணத்துப் பசையில் பாதி வினை கிண்ணத்திலேயே முடிந்துவிட்டது. வெளியிலேயே வளர்ந்துவிட்ட மூலக்கூறு இனி எந்த இடுக்கிலும் நுழையாது. காதின் தோலில் வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

திட்டுத்திட்டாக ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவை பெரும்பாலும் கைவேலைக் குறைகள். பிடரியில் நம் கண்ணும் எட்டாது, கையும் சரியாக எட்டாது. அந்தப் பக்கத்துக்கு வீட்டில் யாரையாவது கூப்பிட வெட்கப்படக் கூடாது. மெல்லிய வகிடு எடுத்து ஒவ்வொரு அடுக்காகப் பூசாமல் மேலே அப்பிவிட்டால் உள்ளடுக்கு வெள்ளையாகவே நிற்கும். தலையில் பிசுக்கென்று எண்ணெய் இருந்தாலும் சீரம் போட்டிருந்தாலும் டை சரியாகப் பிடிக்காது. யாரும் சொல்லாத ஒன்று ஃபேன். பசை ஈரமாக இருக்கும்வரைதான் உள்ளே நகர்ச்சி நடக்கும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் மேலடுக்கு பத்து நிமிடத்தில் காய்ந்து அப்பளமாகிவிடும். அந்த இடத்தில் வினையும் நின்றுவிடும். போர் தண்ணீரில் வருஷக்கணக்கில் குளித்த முடியில் கால்சியம், இரும்பு போன்றவை படிந்திருக்கும், சில இடங்களில் செம்பும். இரும்பும் செம்பும் பெராக்சைடை வீணாகச் சிதைக்கும். டை கலக்க உலோகக் கிண்ணம் வேண்டாம் என்று அட்டையில் எச்சரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

"இந்த வம்பே வேண்டாம், மருதாணி போதும்" என்பவர்களுக்கும் சீரற்ற நிறம் வரும். அங்கே கதை வேறு. மருதாணி இலையில் இருப்பது லாசோன் என்ற செம்மஞ்சள் பொருள். அது ஓட்டைத் தூக்குவதில்லை, மெலனினை வெளுப்பதில்லை. கெரட்டினோடு நேராகப் பிணைந்துகொள்கிறது. கருப்பு முடியில் அது தெரியாது, நரையில் செம்பாகத் தெரியும். தலையில் எவ்வளவு வேறுபாடு இருந்ததோ அது அப்படியே இருக்கும், வெள்ளைக்குப் பதில் செம்பு, அவ்வளவுதான். கருப்பாக வேண்டுமென்றால் அதன்மேல் அவுரி போட வேண்டும். நீலச்சாயம் எடுக்க ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் போன அதே அவுரி. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. அவுரி இலைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துச் சிறிது நேரத்திலேயே தடவிவிட வேண்டும், மருதாணியைப் போல இரவு முழுக்க ஊறவைத்தால் சாயம் கிண்ணத்திலேயே செத்துவிடும். அலசியவுடன் முடி பச்சை கலந்த ஒரு நிறத்தில் இருக்கும். பலர் அன்றைக்கே பயந்துபோய் ஷாம்பு போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். அது தப்பு. காற்றுப் பட்டு ஓரிரண்டு நாளில்தான் அது நீலமாகி, அடியில் இருக்கும் செம்போடு சேர்ந்து கருப்பாகத் தெரியும். கடையில் விற்கும் 'கருப்பு மெஹந்தி' பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பொருள்பட்டியலில் பாரா ஃபீனைலீன் டைஅமைன் இருக்கும். மருதாணி இலைக்குத் தானாகக் கருப்பு கொடுக்கத் தெரியாது.

சரி, ஏடாகூடமாக ஏறிவிட்டது. என்ன செய்வது? எனக்கு உடனே தோன்றியது, அதே பாக்கெட்டை இன்னொரு முறை தலை முழுக்கப் போடுவது. நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். செய்தால் வேர் இன்னும் வெளுத்திருக்கும், நுனி இன்னும் கருத்திருக்கும். பார்லர் பெண் என் தலையை மூன்று தனி வேலையாகப் பிரித்தாள். செம்பட்டைப் பட்டைக்கு மட்டும் ஒரு படி அடர்ந்த, நீலச்சாயல் கொண்ட பழுப்பை, வீரியம் குறைந்த டெவலப்பரில் கலந்து தடவினாள். செம்மஞ்சளை அடக்குவது நீலம், சிவப்பை அடக்குவது பச்சை, மஞ்சளை அடக்குவது ஊதா. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதும் இதன் தூரத்து உறவுதான். காதோரத்துக்குத் தனியாகப் புதுப்பசை கலந்து, கெட்டியாக அப்பி, முழு நேரம் விட்டாள். கருத்த நீளத்தைத் தொடவே இல்லை. நுனியில் நான்கு விரற்கடை வெட்டிவிட்டாள்.

கருத்துப்போனதை வெளுக்க இரண்டு வழி இருக்கிறது, இரண்டிலும் கண்ணி உண்டு. கலர் ரிமூவர் என்று விற்பவற்றில் பல, ஆக்சிஜனேற்றத்தைப் பின்னோக்கித் திருப்பி, பெரிய மூலக்கூறை நிறமிழக்கச் செய்கின்றன. நிறமிழந்ததை நெடுநேரம் அலசி வெளியேற்றாவிட்டால், அடுத்த முறை பெராக்சைடு பட்டதும் விட்ட கருப்பு திரும்பி வந்து உட்காரும். இன்னொன்று பிளீச். பெர்சல்ஃபேட் பொடியும் பெராக்சைடும் சேர்ந்தது. செயற்கைச் சாயத்தையும் அது கரைக்கும், கூடவே கெரட்டினையும் தாக்கும். வீட்டில் தனியாக, கண்ணாடி பார்த்துச் செய்யும் வேலை அது கிடையாது. முன்பு அவுரி போட்ட தலையென்றால் பச்சை நிறம் வெளிப்படக்கூடும். காரீய உப்பு போன்ற உலோக உப்புள்ள சாயம் போட்ட தலையென்றால் பெராக்சைடோடு சேர்ந்து சூடேறி முடி கருகவும் வாய்ப்புண்டு. தலையில் இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்று பார்லரில் கேட்டால், கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வாமை விஷயத்தில் நான் விளையாடமாட்டேன். பாரா ஃபீனைலீன் டைஅமைன் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். இருபது வருஷம் ஒன்றும் ஆகாதவருக்கு இருபத்தோராவது வருஷம் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் படும் கலவையில் அதன் அளவை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லி அட்டையில் பொடி எழுத்தில் இருப்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. அரிப்போ கண்ணிமை வீக்கமோ வந்தால் அந்த டை இனி உங்களுக்கு இல்லை, மருத்துவரைப் பாருங்கள். புருவத்துக்கும் இமைக்கும் எப்போதும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் பாக்கெட்டை வைக்கவும் வேண்டாம்.

கல்யாணப் போட்டோவில் என் தலை ஒரே நிறமாகத்தான் தெரிகிறது. மண்டப விளக்கின் உபயம் பாதி. இப்போது வேரில் வந்த ஒரு செ.மீ.க்கு மட்டும் டை அடிக்கிறேன், காதோரத்தில் ஆரம்பித்து, ஃபேனை நிறுத்திவிட்டு. கிண்ணத்தில் மிஞ்சுவதைக் கொட்டிவிடுகிறேன்.

புது நிறத்துக்கு மாறும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் ஒன்று செய்யுங்கள். முன்பெல்லாம் எங்கள் தெருவில் சீப்பில் சிக்கும் முடியைச் சுருட்டிச் சேர்த்துவைப்பார்கள், சவுரிக்காக எடைக்கு வாங்க ஆள் வருவார். அதேபோல ஒரு வாரம் சேர்த்துவையுங்கள். வேரிலிருந்து நுனி வரை உங்கள் தலையின் நாலைந்து வருஷம் அதில் இருக்கும். நூலால் ஒரு முனையில் கட்டி, கொஞ்சம் டை கலந்து முதலில் அதற்கு அடித்து, அலசி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். தலைச்சூட்டின் விளைவு மட்டும் அதில் தெரியாது. மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.